கமலாசனி பார்க்கப்போன மலை

கமலாசனி அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். சுளகை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்து அரிசி புடைக்கத் தொடங்குவார். அது புடைக்கத் தேவையே இல்லாத அரிசியாக இருக்கும். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, முல்லைத்தீவுக்குப் பின்னால் காட்டோரம் போட்டிருந்த தறப்பாள் கொட்டிலில் இருந்து, நிவாரண அரிசியை அவர் புடைத்த புடையில் அரிசி மாவாகாமல் இருந்ததே பெரிய காரியம். அவ்வளவு கோபம். கடல் மேல் இல்லை. செத்துப்போன புருசன் மேல்.

அவருடைய புருசன் வீரகத்தி அண்ணை எனக்குச் சகலன். நான் கண்டாவளையில் வயல் செய்கிறவன். கடற்கரைப் பெட்டையைக் காதலித்துக் கட்டியதால் என் வீட்டார் இரண்டு வருடம் என்னோடு கதையில்லை. அந்த நாட்களில் எங்களைத் தேடி வந்த ஒரே உறவு வீரகத்தி அண்ணைதான். வெறுங்கையோடு வரமாட்டார். ஒரு கலவாய் மீனைப் பனையோலையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, மலைக் கதையைத் தொடங்குவார்.

"கடலுக்குள்ள ஒரு மலை இருக்கு தம்பி. நல்லூர்க் கோபுரம் தெரியுமல்லோ, அந்தளவு. மண் தரையில தனிய எழும்பி நிக்குது. அதைச் சுத்தி மீன் திருவிழாச் சனம் மாதிரி."

கடலுக்கடியில் கல் நிற்கிற இடத்தைக் கடற்காரர் பார் என்பார்கள். கலவாயும் விளைமீனும் அங்கேதான் குடியிருக்கும். அப்படியொரு பார் வீரகத்தி அண்ணையிடம் இருக்கிறது என்பதை ஊர் ஒத்துக்கொண்டது. ஏனென்றால், சோழகக் காற்று ஓய்ந்து, வாடைக்காற்று தொடங்குமுன் வருகிற அந்தக் கடைசிக் கிழமைகளில், மற்றப் படகுகள் சூடைமீனோடு திரும்ப, இவருடைய வள்ளத்தில் மட்டும் முழங்கை நீளத்துக்குக் கலவாய் கிடக்கும். ஆனால் மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். "மீன் மெய். மலை புளுகு" என்பான் யோகலிங்கம். அவன் அதே கரையில் படகு விடுகிறவன், வாய்க்காரன். பலமுறை பின்னால் போய்ப் பார்த்தும் இருக்கிறான். வீரகத்தி அண்ணை விளக்கில்லாமல் இருட்டில் போவார். யாராவது பின்தொடர்வது தெரிந்தால், கண்ட இடத்தில் நின்று தூண்டிலைப் போட்டுவிட்டுப் பீடி குடிப்பார்.

2004இல் கிறிஸ்து பிறப்பான நத்தார் கழிந்த ஞாயிறு கடல் குளம்போல அமர்ந்து கிடந்தது. மார்கழியில் அப்படி ஒரு கடல் கிடைப்பது அருமை. அவர்களுடைய ஊரான கள்ளப்பாட்டுக் கரையில் வள்ளம் வைத்திருந்த எல்லோருமே விடியப் போனார்கள். அவர்கள் ஆழக் கடலில் நின்றதால் அலை தங்களுக்குக் கீழால் போனதுகூடத் தெரியாமல் தப்பினார்கள். யோகலிங்கமும் அப்படித் தப்பியவன்தான். வீரகத்தி அண்ணை போகவில்லை. குசினி வாசலில் இருந்து பீடி குடித்ததைக் கண்டவர்கள் உண்டு. கடல் அந்த வாசலுக்கு வந்து அவரைக் கொண்டுபோனது. உடலும் கிடைக்கவில்லை. எங்கள் மகளின் காதுகுத்துக்காக முதல்நாளே கண்டாவளைக்கு வந்து எங்களோடு நின்றதால் அக்கா உயிர் தப்பினார்.

அக்காவின் கோபம் அதுதான். "கடல் அமந்து கிடந்தது. ஊரெல்லாம் போச்சுது. போன எல்லாரும் இண்டைக்கு உயிரோட இருக்கினம். இந்த மனிசன் ஏன் போகேல்ல?"

இந்தக் கேள்வியை அவர் பூசகரிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், கொட்டிலுக்கு வந்த வெள்ளைக்காரியிடம்கூடக் கேட்டார். ஊர் தன் பாட்டுக்கு மறுமொழி சொன்னது. நத்தார்க் கள்ளு என்றார்கள். சோம்பல் என்றார்கள். மலையுமில்லை ஒன்றுமில்லை, அதனால்தான் போகவில்லை என்று யோகலிங்கம் ஒருநாள் சொன்னது அக்காவின் காதுக்கு வந்துவிட்டது. அன்று அவர் புடைத்த அரிசியை மூன்று வீட்டார் சமைத்திருக்கலாம்.

"மலை இருந்தால், அப்பிடியொரு இடத்தை வைச்சுக்கொண்டு மனிசன் ஏன் வீட்டில நிண்டது எண்டு கேக்கலாம். மலை இல்லையெண்டால், முப்பது வருசமா விடியக்காத்தால என்னை விட்டிட்டு எங்க போனது எண்டு கேக்கவேணும். எனக்கு ஏதோ ஒண்டு தெரியவேணும் தம்பி" என்றார் என்னிடம். சாகும்வரை இந்தக் கேள்வியைப் புடைத்துக்கொண்டிருக்க அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் நோன்பு மாதத்தில் இஸ்ஸதீன் நானா அந்தப் பெட்டியோடு வந்தார்.

இஸ்ஸதீன் நானா மீன் வியாபாரி. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வடக்கைவிட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளம் போனவர், சமாதானம் வந்த பிறகு திரும்பி வந்தார். கூரையில்லாத தன் வீட்டுக்கு முன்னால் அவர் விறைத்துப்போய் நின்றபோது, ஒரு கலவாயோடு முதலில் போய் நின்றவர் வீரகத்தி அண்ணை. "நானா, விலை பிறகு கதைப்பம். முதல்ல கறிவையுங்கோ" என்றாராம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நானாவின் கண் கலங்கும்.

பெட்டி ஒரு சின்ன வானொலி அளவு. முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. பின்னால் வயர், வயரின் நுனியில் கறுப்பாக ஒரு குமிழ். குமிழைத் தண்ணீருக்குள் விட்டால் அது கீழே சத்தம் அனுப்பும்; அடியில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தை வைத்து, கடலின் அடி எவ்வளவு ஆழம், இடையில் மீன் நிற்கிறதா என்று திரையில் கீறிக்காட்டும். சோனார் என்றார் நானா. கற்பிட்டியில் ஒரு படகுக்காரரிடம் பெருநாள்வரை இரவல் வாங்கி வந்திருந்தார்.

"ஓமந்தைச் சோதனைச்சாவடியில ஆமியும் இயக்கமும், ரெண்டு பக்கத்தாரும் திறந்து பாத்தவங்கள். ரெண்டு பக்கமும் ஒரே கேள்விதான். இதில மீன் தெரியுமோ? தெரியும் எண்டன். காட்டு எண்டாங்கள். அப்ப கடலைக் கொண்டுவாங்கோ எண்டன்."

நானாவுக்கு வீரகத்தி அண்ணையின் பார் வேண்டும். கலவாய்க்குக் கொழும்பில் நல்ல கிராக்கி. அதை அவர் மறைக்கவில்லை. அக்காவுக்கு மலை வேண்டும். இருவருக்கும் நாள் இல்லை. வாடை எந்த நேரமும் திரும்பும். திரும்பினால் தை மாசிவரை அந்தப் பக்கம் போக முடியாது. அதைவிடப் பெரிய அவசரம், கரையில் இடிந்து கிடந்த வீடுகளைத் தள்ளி மட்டப்படுத்த டோசர் வந்து நின்றது. வடக்கிலிருந்து ஒவ்வொரு வளவாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அக்காவின் வளவு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டால், மலை எந்தத் திசை என்று சொல்லவும் ஒரு அடையாளம் மிஞ்சாது.

படகு யோகலிங்கத்துடையது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த புது பைபர் படகு. "புளுகு பாக்க மண்ணெண்ணெய் எரிக்கவேணுமோ?" என்று முணுமுணுத்தான். ஆனாலும் வந்தான். பெட்டி எப்படி வேலை செய்யும் என்று பார்க்கிற ஆசை அவன் முகத்தில் எழுதியிருந்தது. என்னைப் பற்றரி பிடிக்கக் கூட்டிப்போனார்கள். கார் பற்றரி, தண்ணீர் படக்கூடாது. மடியில் அதை வைத்துக்கொண்டு, கரை தாண்டுமுன்னே நான் காலைச் சாப்பாட்டைச் சத்தியெடுத்துக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வயலுக்குள் நிற்கிறவனுக்குத் தரை ஆடுவது சரிவராது.

அக்கா தன் வளவின் வேலிக்கதவான படலை இருந்த இடத்தில் நின்று, கையை நீட்டிக் காட்டினார். "உதுதான் நேர். உந்த நேருக்குத்தான் அவர் நிப்பார்."

அந்த நேருக்குப் போனோம். திரையில் கடலின் அடி ஒரு கறுத்த பட்டையாக வந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குச் சத்தியும் மறந்துபோனது. ஒருவரும் ஒருநாளும் காணாத தரை அது. எங்களுக்குக் கீழே, பதினேழு பாகத்துக்கு, கைவிரித்த ஆள் பதினேழு பேர் நீளத்துக்கு, அடியில் கிடக்கிறது. ஆனால் அது பலகை போட்டு இழுத்த வயல் மாதிரித் தட்டை. அங்குமிங்கும் சுற்றினோம். மண், மண், மண்தான். வெயில் ஏறியது. நானாவின் உதடு நோன்பில் காய்ந்து வெடித்திருந்தது. "மலை எங்க? நடந்து போட்டுதோ?" என்றான் யோகலிங்கம்.

மறுநாளும் அதே கதைதான்.

கரைக்கு வந்து, படலை இருந்த இடத்தில் நான் மண்ணில் குந்தினேன். தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, நாங்கள் வரம்பு கட்டேக்க ஒரு கட்டை அடிச்சிட்டு நேர் பாக்க ஏலாது. ரெண்டு கட்டை அடிச்சுக் கயிறு இழுத்தால்தான் நேர். நீங்கள் படலையில நிண்டு கையைக் காட்டுறியள். அது ஒரு கட்டைதான். கை கொஞ்சம் விலத்தினால் கடலில அரைமைல் விலத்தும். அவரின்ர வள்ளத்தை நீங்கள் எங்கயிருந்து பாத்தனீங்கள்?"

அக்கா எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டார். நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது சுளகுச் சத்தம் கேட்டது.

எங்கிருந்து பார்த்தார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்து வந்தவர். குசினி கடலைப் பார்த்தது. அடுப்புக்குப் பக்கத்தில், வாசற்படியில் இருந்துதான் மாப் பிழிவார். அந்தப் படியில்தான் வீரகத்தி அண்ணை கடைசியாக இருந்தது. வளவுக்குப் பலமுறை வந்த அக்கா, குசினி இருந்த பக்கம் மட்டும் கால் வைத்ததில்லை. அது மண் மூடிக் கிடந்தது. மூடியே கிடக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அடுத்தநாள் விடிய நாங்கள் போனபோது, அக்கா மண்வெட்டியோடு அங்கே நின்றார். வாசற்படி வெளியே வந்திருந்தது. சீமெந்துப் படி, நடுவில் வெடிப்பு. படிக்குப் பக்கத்தில் கைபிடி போன தகரக் குவளை ஒன்று கிடந்தது. யார் குடித்ததென்று தெரியாது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போகவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்து, படியில் இருந்தார். பழக்கப்பட்ட இடத்தில் இருக்கிறவர்கள் இருக்கிற மாதிரி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

"இஞ்சயிருந்துதான்" என்றார். "படலைக்குள்ளால பாப்பன். வெளிச்சம் வர, அவரின்ர வள்ளம் படலைக்குச் சரி நடுவில ஒரு பொட்டாத் தெரியும். படலை சட்டம், அவர் அதுக்குள்ள படம். ஒருநாளும் ஓரத்தில நிண்டதில்லை."

படலையின் இரண்டு பக்கமும் நட்ட பூவரசுகள் அலையில் முறிந்தும் சாகவில்லை. பத்து மாதத்தில் குழை தள்ளி, ஆளுயரத்துக்கு அடர்ந்து நின்றன. நடுவில் படலை அகலத்துக்கு வெளி. என் இரண்டு கட்டையும் கிடைத்துவிட்டன.

அக்கா முகம் பார்க்கிற கண்ணாடியோடு படியில் இருந்தார். கிழக்கே எழும்புகிற சூரியனைக் கண்ணாடியில் பிடித்துக் கடலுக்கு அனுப்பவேண்டும். நாங்கள் படலைக்கு நேரே நின்றால் கண்ணாடி மின்னும். விலத்தினால் பூவரசு மறைக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு. ஓடக்கரையில் நின்ற இரண்டு பேர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

வெளியே போய்த் திரும்பிப் பார்த்தேன். கரை ஒரு மங்கலான கோடு. அதற்குள் திடீரென்று ஒரு வெள்ளைப் பொறி. யோகலிங்கம் படகைக் கொஞ்சம் தெற்கே விட்டான், பொறி இல்லை. வடக்கே எடுத்தான், பொறி வந்தது. "பிடிச்சாச்சு" என்று கத்தினான். அந்தப் பொறியை முதுகுக்கு நேரே வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கிழக்கே போனோம். நானா திரையைக் கைகளால் பொத்தி வெயில் படாமல் பார்த்தார். பதினாறு பாகம். பதினேழு. பதினேழு. பதினெட்டு. கரை காணாமல் போகப்போகிற தூரம்.

அப்போது கறுத்த பட்டை நிமிர்ந்தது.

முதலில் பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பட்டை நேரே மேல்நோக்கி ஏறியது. பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது. நிற்கவில்லை. ஏழு. திரையின் பாதிக்கு மேல் கறுப்பு. உச்சி கூராக இல்லை. தட்டையாக, இரண்டு பக்கமும் படிபடியாக இறங்கியது. அதற்கு மேலும் பக்கத்திலும் வெட்டிப்போட்ட நகங்களைப்போல் சின்னச் சின்ன வளைவுகள். ஒன்றிரண்டல்ல. திரை நிறைய.

"உதெல்லாம் என்ன நானா?"

"மீன்" என்றார் நானா. "சுப்ஹானல்லாஹ். ஒவ்வொரு கீறும் ஒரு மீன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர், வெறும் வெயில். ஒரு பறவைகூட இல்லை. அந்த வெறுமைக்குக் கீழே ஒரு மலை நிற்கிறது. நான் பிறக்கமுன்பும் நின்றிருக்கும். ஊரைக் கொண்டுபோன அந்தப் பேரலை இதன் தலைக்கு மேலால்தான் போயிருக்கும், இது அசையவில்லை. மீன்களும் விட்டுப்போகவில்லை. நான் பற்றரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி இருந்தேன். அன்றைக்கு எனக்குச் சத்தி வரவேயில்லை.

யோகலிங்கம் இயந்திரத்தை நிறுத்தினான். ஒன்றும் பேசவில்லை, அவனைப் பொறுத்தவரை அதுவே ஒரு அதிசயம். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், கோயில் வாசலில் நிற்கிறவனைப்போல. பிறகு கணவாய்த் துண்டு ஒன்றைத் தூண்டிலில் குத்தி இறக்கினான். ஈயம் அடியைத் தொடவில்லை. இடையிலேயே கயிறு இழுபட்டது. வந்தது கலவாய், புள்ளி புள்ளியாக, பெரிய வாயோடு, எங்களைப் பார்த்துக் கோபித்த முகம். அதற்குப் பிறகு விளைமீன், திரும்பவும் கலவாய். கொஞ்சத்தில் அவனே தூண்டிலைச் சுருட்டினான். "காணும்" என்றான். போதும் என்கிற அந்தச் சொல்லை அவன் வாயில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே ஒரு வெள்ளைக் கலனை மிதவையாக விட்டு, இடத்தைக் குறித்துவிட்டுத் திரும்பினோம்.

அக்கா படியை விட்டு எழும்பவில்லை. கண்ணாடி மடியில் இருந்தது. யோகலிங்கம் நனைந்த சாரத்தோடு நேரே அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"அக்கா, மலை இருக்கு."

"எவ்வளவு பெரிசு?"

"அண்ணை குறைச்சுத்தான் சொன்னவர்." அவன் தலையைக் குனிந்தான். "அந்த மனிசனைப் புளுகன் எண்டு எத்தினை பேருக்கு முன்னால சொன்னன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். கோபம்தான் கூடியது. "அப்ப இருக்கு. அவ்வளவு பெரிய மலை இருக்கு, கடலும் அமந்து கிடந்தது. பிறகும் ஏன் போகேல்ல?" படியில் கையால் அடித்தார். "நான் அதைப் பாக்கவேணும். என்னை அங்க கொண்டுபோ யோகன்."

அந்தக் கரையில் பெண்களைத் தொழிலுக்குப் போகிற படகில் ஏற்றுவதில்லை. ஏற்றினால் மீன் படாது என்பார்கள். நானாவும் நானும் யோகலிங்கத்தைப் பார்த்தோம். டோசர் இரண்டு வளவு தள்ளி நின்றது. வடக்கு வானம் கறுத்து, காற்று மாறுகிற மணம் வந்திருந்தது.

"நாளைக்கு விடியமுன்ன வெளிக்கிடுவம் அக்கா" என்றான். "அண்ணை போற நேரத்துக்கே போவம்."

மறுநாள் இருட்டில் படகைத் தள்ளினோம். என் மனைவி ஜெயரூபி, அக்கா தனியாகப் போகக்கூடாது என்று வந்தவள், படகைக் கண்டதும் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள். "நான் படியில இருக்கிறன். வரேக்க தேத்தண்ணி வைக்கிறன்" என்றாள். பனிக்குளிருக்கு, அக்காவின் பழைய அடுப்படியில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டத் தொடங்கினாள்.

அக்கா படகின் நடுவில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கடற்காரன் பெண்சாதியாக முப்பது வருடம் இருந்தவர், கடலில் அதுதான் முதல் தரம். யோகலிங்கம் கைவிளக்கை அடித்து அடித்து நெடுநேரம் தேடித்தான் வெள்ளைக் கலனைக் கண்டுபிடித்தான். இயந்திரத்தை நிறுத்தினான். நானா பெட்டியை அக்காவின் மடியில் வைத்தார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

அவர் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் மலையின் ஓரத்தை, ஏறுகிற பக்கத்திலிருந்து இறங்குகிற பக்கம்வரை, தடவினார். "இவ்வளவுக்கும் மேலயோ தனிய இருந்தவர்?" என்றார். பிறகு குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டார். கடலை அவர் தொட்டது அந்த மார்கழிக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்ல" என்றான் யோகலிங்கம். "நாங்கள் மிதவையை வைச்சு, விளக்கு அடிச்சுத் தேடி வந்தம். அந்த மனிசன் மிதவையுமில்லாமல், விளக்குமில்லாமல், கும்மிருட்டில எப்பிடிச் சரியா இஞ்ச வந்து நிண்டவர்?"

நீரோட்டம் படகை மெல்லத் தெற்கே கொண்டுபோனது. மடியிலிருந்த திரையில் மலை இறங்கி, தரை தட்டையாகியது. யோகலிங்கம் துடுப்பைப் போட்டுத் திரும்பவும் வடக்கே எடுத்தான். மலை எழும்பியது.

அப்போதுதான் நான் கரையைப் பார்த்தேன். இருட்டுக்குள் ஒரு சிவந்த பொட்டு.

"ஜெயரூபி அடுப்பு மூட்டிப்போட்டாள்" என்றேன், சும்மா ஏதாவது பேசவேண்டும் என்று.

அக்கா திரும்பிப் பார்த்தார். படகு மறுபடி தெற்கே இழுபட்டது. பொட்டு அணைந்தது. திரையில் மண். யோகலிங்கம் துடுப்பை வலித்தான். பொட்டு எரிந்தது. திரையில் மலை. இப்போது நாங்கள் நாலு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம். யோகலிங்கம் வேண்டுமென்றே படகைத் தள்ளவிட்டான். நெருப்பு மறைந்தது, மலை போனது. திரும்ப எடுத்தான். பூவரசுகளுக்கு நடுவில், படலைக்குள்ளால், குசினி அடுப்பு சிவப்பாகத் தெரிந்தது. மலை எங்களுக்குக் கீழே வந்து நின்றது.

"யா அல்லாஹ்" என்றார் நானா. "அடுப்பு நெருப்பை வைச்சுத்தான்."

நேருக்கு அடுப்பு, ஆழத்துக்கு அடி தொட இறக்கிப் பார்க்கிற ஈயக் கயிறு. வேறொன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு மனிதன் முப்பது வருடமாக, கடலில் ஒரு மலையைத் தன் பெண்சாதி மூட்டுகிற அடுப்பை வைத்துத் தேடிக் கண்டிருக்கிறான். அவர் தன்னைப் பார்க்கிறார் என்று அக்காவுக்குத் தெரியாது. தான்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் அழவில்லை. கணக்குப் பார்க்கிறவரைப்போல மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

"நான் காய்ச்சலில படுத்த நாளெல்லாம் அவர் கடலுக்குப் போறேல்ல. எனக்குப் பக்கத்தில நிக்கிறார் எண்டு நினைச்சன். அம்மாவின்ர செத்தவீட்டுக்குப் போய் நிண்டன், திரும்பி வந்து கேட்டால், கடல் சரியில்லை, போகேல்ல எண்டார். உங்கட வீட்டுக்கு வந்து நிக்கிற நாளிலயும் அப்பிடித்தான். ஒவ்வொரு முறையும் கடல் சரியில்லை. சோம்பல் எண்டு பேசுவன். சிரிச்சுக்கொண்டு போவார்."

கரையில் எரிந்த சிவந்த பொட்டைப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் அடுப்பு மூட்டேல்ல."

கேள்விக்கு மறுமொழி வந்துவிட்டது. பத்து மாதமாக எல்லோரிடமும் கேட்டுத் திரிந்த மறுமொழி. அது வராமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் சத்தம்போட்டு அழுததை நான் கேட்டது அன்றைக்குத்தான். யோகலிங்கம் துடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, படகு நேர் விலத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நானா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

அழுகை அடங்கிய பிறகு யோகலிங்கம்தான் கேட்டான். "அக்கா, அண்ணை இதை உங்களுக்குச் சொல்லியிருக்கலாமல்லோ? ஏன் சொல்லேல்ல?"

அக்கா மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்தார். அவர் குரலில் அந்தப் பழைய கோபம் இல்லை.

"சொல்லியிருந்தால் நான் ஒரு இடமும் போயிருக்க மாட்டன். காய்ச்சலோடயும் எழும்பி அடுப்பு மூட்டியிருப்பன். அது அவருக்குத் தெரியும்."

கிழக்கே கடல் வெளுக்கத் தொடங்கியது. நானா பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. அவர் திரையைப் பார்க்கவுமில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புவமா அக்கா?" என்றேன்.

"கொஞ்சம் பொறு தம்பி. அது தெரியுமட்டும் நிப்பம்."

அங்கே ஜெயரூபி, நாங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று தெரியாமல், விறகைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள். யோகலிங்கம் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறி, நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நாங்கள் அந்த மலைக்கு மேல் நின்றோம்.